பார்சல் விழும்போது உள்ளே என்ன நடக்கிறது? டிராப் டெஸ்ட்: ஓர் எளிய அறிமுகம்

பார்சலில் அனுப்பிய பொருள் உடைந்து போய்ச் சேர்ந்தால், முதலில் பழி விழுவது அட்டைப்பெட்டியின் மேல்தான். இன்னும் கெட்டியான பெட்டியில் போட்டிருக்கலாம் என்று நினைப்போம். அடுத்த முறை கெட்டியான பெட்டியே வாங்குவோம். அதிலும் உடையும். பெட்டியின் மேல் ஒரு கீறல்கூட இருக்காது. திறந்து பார்த்தால் பீங்கான் கோப்பையின் கைப்பிடி மட்டும் தனியாகக் கழன்று கிடக்கும்.

பெட்டி எவ்வளவு கெட்டி என்பது ஒரு கேள்வி. கீழே விழுந்தபோது ஏற்பட்ட அடியில் எவ்வளவு உள்ளே இருக்கும் பொருளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது வேறு கேள்வி. பொருள் பிழைக்குமா, உடையுமா என்பதைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான். அதற்குப் பதில் தேடும் மிக எளிய வழி டிராப் டெஸ்ட். அனுப்பப்போகிற மாதிரியே முழுசாக பேக் செய்து, அளந்த உயரத்திலிருந்து, திட்டமிட்ட கோணத்தில், கெட்டியான தரையில் விழவிட்டுப் பார்ப்பது. இதை வேலையற்ற வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் இந்தச் சோதனை எப்படியும் நடக்கத்தான் போகிறது. நம் கண் முன்னால் நடக்கிறதா, வழியில் எங்கேயோ நடந்து வாங்கியவர் வீட்டில் முடிவு தெரிகிறதா என்பதுதான் வித்தியாசம்.

அடி எங்கிருந்து வருகிறது

ஒரு பார்சல் 76 செ.மீ. உயரத்திலிருந்து, கிட்டத்தட்ட மேசை உயரத்திலிருந்து, விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொட 0.4 வினாடி ஆகும். தொடும் நேரத்தில் அதன் வேகம் வினாடிக்கு 3.9 மீட்டர், மணிக்கு 14 கிலோமீட்டர் என்று சொன்னால் சுலபமாகப் புரியும். இதுவரை பொருளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. இந்த வேகம் முழுவதும் பூஜ்யமாக வேண்டும். அது எவ்வளவு தூரத்துக்குள் பூஜ்யமாகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கணக்கு சின்னதுதான். விழுந்த உயரத்தை, நிற்பதற்குக் கிடைத்த தூரத்தால் வகுத்தால், பொருள் சராசரியாக எத்தனை 'ஜி' தாங்க வேண்டியிருந்தது என்பது ஏறக்குறைய வந்துவிடும். பூமி நம்மை இழுக்கும் அளவு 1 ஜி. மெத்தை எதுவும் இல்லாமல், ஒரு மில்லிமீட்டருக்குள் பொருள் நின்றுவிட்டால் 760 ஜி. அதே பொருள் 25 மில்லிமீட்டர் அமுங்கி நின்றால் 30 ஜி. உச்சத்தில் அடி சராசரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை போகும் என்பதால், அதை 60 ஜி என்று வைத்துக்கொள்ளலாம்.

400 கிராம் கோப்பைக்கு 60 ஜி என்றால், அந்தக் கணத்தில் அதன் மேல் 24 கிலோ எடை இறங்குவதற்குச் சமம். 760 ஜி என்றால் 300 கிலோவைத் தாண்டும். கைப்பிடியும் கோப்பையும் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன இடம் முதல் கணக்கில் பிழைக்கலாம். இரண்டாவதில் வாய்ப்பே இல்லை.

உயரத்திலிருந்து குதிக்கும்போது நாம் முழங்காலை மடக்கிக்கொள்வது நிற்கும் தூரத்தைக் கூட்டத்தான். பேக்கிங்கில் அந்த மடங்கும் முழங்கால்தான் மெத்தை. தெர்மாகோல், ஃபோம், பபிள் ராப், கசக்கிய காகிதம், காற்றுப் பை என்று பெயர் எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்: பொருள் நிற்பதற்குச் சில சென்டிமீட்டர் இடம் வாங்கிக் கொடுப்பது. கெட்டியான பெட்டி அந்த இடத்தைக் கொடுக்காது. அது அடுக்கி வைத்த எடையைத் தாங்கும், கூர்மையான பொருள் குத்தாமல் காக்கும், இரண்டும் வேண்டியவைதான். விழும் அடியைப் பொறுத்தவரை, உள்ளே இடம் இல்லாத கெட்டிப் பெட்டி அடியை அப்படியே பொருளுக்குக் கடத்திவிடும்.

பொருள் எவ்வளவு தாங்கும்

ஒவ்வொரு பொருளும் உடையாமல் தாங்கும் அதிகபட்ச ஜி ஒன்று உண்டு. பேக்கிங் துறையில் இதைப் பொருளின் நொறுங்கு அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். மிக மென்மையான கருவிகளுக்கு 15 முதல் 25 ஜி, சாதாரண மின்னணுச் சாதனங்களுக்கு 40 முதல் 60 ஜி, முரட்டு வேலைக்குச் செய்த சாமான்களுக்கு 115 ஜிக்கும் மேல் என்று வழக்கத்தில் உள்ள வகைப்பாடு சொல்கிறது. இவை தொடக்கத்துக்கான தோராயம் மட்டுமே. உங்கள் பொருளின் எண் அதன் பலவீனமான இடத்தில் இருக்கிறது: கோப்பைக்குக் கைப்பிடியின் அடி, கண்ணாடி பாட்டிலுக்குக் கழுத்து, மின்னணுப் பலகைக்கு அதில் நிற்கும் கனமான கம்பிச்சுருள் (காயில்). பலகை நன்றாகவே இருக்கும், வெளி உறையும் நன்றாக இருக்கும். அந்தக் காயிலின் கால் மட்டும் ஈயப்பற்றில் விட்டுப்போயிருக்கும். கண்ணால் பார்த்து 'உடையவில்லை' என்று எழுதிவிட்டால் இது தப்பிவிடும். ஓடும் பொருளை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஜி அதிகமாக இருந்தாலே உடைந்துவிடும் என்பதில்லை. கோப்பையின் விளிம்பை ஒரு சின்ன கரண்டியால் தட்டினால் அந்த இடத்தில் ஜி மிக அதிகம்தான். ஆனால் அது இருக்கும் நேரம் அவ்வளவு குறைவு என்பதால் கோப்பை கணீரென்று ஒலித்துவிட்டு அமைதியாகிவிடும். சேதம் நடக்க இரண்டு எல்லைகளும் ஒன்றாகத் தாண்டப்பட வேண்டும்: அடியின் உச்சம் ஒன்று, அந்த அடியால் மாறும் வேகத்தின் மொத்த அளவு மற்றொன்று. 1968-இல் ராபர்ட் நியூட்டன் என்ற அமெரிக்கப் பொறியாளர் (ஐசக் நியூட்டன் அல்ல) இந்த இரண்டு எல்லைகளையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவந்தார். இன்றும் பெரிய ஆய்வகங்களில் ஒரு பொருளின் தாங்குதிறனைக் கண்டுபிடிக்க அந்த முறைதான் அடிப்படை. அதற்கு முன்பே, 1945-இல், அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் ரேமண்ட் மிண்ட்லின் என்ற பொறியாளர் மெத்தைகளுக்குள் இருக்கும் பொருள் விழும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குக் கணிதம் எழுதிவைத்திருந்தார். அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும் விஷயம்தானே என்று தோன்றினாலும், இதன் பின்னால் முறையான பொறியியல் இருக்கிறது.

மெத்தை அதிகமானால் பாதுகாப்பும் அதிகமா?

புதிதாக பேக் செய்பவர்கள் ஏறக்குறைய எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில், 5 செ.மீ. ஃபோம் போட்டால் 5 செ.மீ. நிற்கும் தூரம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. எந்த ஃபோமும் முழுசாக அமுங்காது. பாதியோ அதற்குச் சற்று அதிகமோ அமுங்கியபின் அதன் உள்ளே இருக்கும் காற்றறைகள் நசுங்கி, அது கட்டையாகிவிடும். அதற்கு மேலும் பொருளுக்கு வேகம் மிச்சமிருந்தால், அந்த மிச்சம் முழுவதும் ஒரே இடியாக விழும். பேக்கிங் ஆட்கள் இதை 'பாட்டம் ஆகிவிட்டது' என்பார்கள்.

சரி, அப்படியானால் அமுங்கவே அமுங்காத கெட்டியான ஃபோமைப் போட்டால்? அதுவும் தப்பு. லேசான பொருளை அகலமான கெட்டி ஃபோமில் உட்கார வைத்தால், ஃபோமை அமுக்கும் அளவுக்குப் பொருளில் கனமே இருக்காது. விழும்போது ஃபோம் அசையாது. பொருள் பலகையில் விழுந்ததுபோல நின்றுவிடும். தொட்டால் மெத்தென்று இருக்கிற ஃபோம்கூட 400 கிராம் கோப்பைக்குப் பலகையாக இருக்கலாம்.

ஆக, ஒரு மெத்தை வேலை செய்கிறதா என்பதை அதன் தடிமன் மட்டும் சொல்லாது. பொருளின் எடையை, அது ஃபோமில் பதியும் பரப்பால் வகுத்துப் பார்க்க வேண்டும். இந்த அழுத்தம் மிகக் குறைவாக இருந்தால் மெத்தை விறைப்பாக நிற்கும், மிக அதிகமாக இருந்தால் பாட்டம் ஆகும், நடுவில் ஒரு பகுதியில்தான் அடி மிகக் குறைவாக இருக்கும். ஃபோம் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு தடிமனுக்கும், ஒவ்வொரு விழும் உயரத்துக்கும் இதை அளந்து கோடு வரைந்து கொடுப்பார்கள். அந்தக் கோடு கிண்ணம் போல வளைந்திருக்கும். கிண்ணத்தின் அடிப்பகுதியில் உங்கள் பொருள் உட்கார வேண்டும். லேசான பொருளுக்கு ஃபோம் முழுவதையும் அடியில் பரப்பாமல், நான்கு மூலைகளில் சிறு துண்டுகளாகவோ பட்டைகளாகவோ வைப்பது இதனால்தான். தொலைக்காட்சிப் பெட்டியின் பேக்கிங்கைப் பிரித்தால் தெர்மாகோலில் மேடும் பள்ளமுமாகப் பட்டைகள் தெரியும் அல்லவா? தெர்மாகோலை மிச்சம் பிடிப்பதோடு, பொருள் பதியும் பரப்பைத் திட்டமிட்டுக் குறைப்பதும் அதன் நோக்கம்.

மெத்தைப் பொருளின் குணமும் இதில் சேரும். தெர்மாகோல் முதல் அடியை நன்றாக வாங்கிக்கொள்ளும். ஆனால் நசுங்கிய இடம் பழைய தடிமனுக்குத் திரும்பாது. இரண்டாவது, மூன்றாவது முறை அதே பக்கம் விழுந்தால் அங்கே மெத்தை மெலிந்து போயிருக்கும். பாலிஎத்திலீன் ஃபோம் அதைவிட நன்றாக மீளும். காற்றுப் பைகள் வெற்றிடத்தை நிரப்ப ஏற்றவை. கனமான, கூர்மையான பொருளின் கீழே வைத்தால் ஒரு பை வெடித்ததும் பாதுகாப்பு மொத்தமும் போய்விடும். கசக்கிய காகிதம் சரியாகத் திணித்தால் நன்றாகவே வேலை செய்யும், தளர்வாகப் போட்டால் குலுக்கலில் அடியில் போய்ப் படிந்துவிடும். ஒரு பார்சல் ஒரு முறைதான் விழும் என்று யாரும் உறுதி தர முடியாது. பெல்ட்டிலிருந்து பெல்ட்டுக்கு மாறும்போது, வண்டியிலிருந்து இறக்கும்போது, கடைசியில் வாசலில் வைக்கும்போது என்று பல இடங்களில் விழ வாய்ப்பிருக்கிறது. அதனால் திரும்பத் திரும்ப அடி வாங்கக்கூடிய மெத்தைக்கே என் ஓட்டு.

எந்த உயரம், எத்தனை முறை

பார்சல் சோதனைக்கென்று உலக அளவில் பல விதிமுறைகள் உள்ளன. ஐ.எஸ்.ஓ. 2248 என்ற தரம் பார்சலைச் செங்குத்தாக விழவிடும் முறையைச் சொல்கிறது. சோதனைத் தரங்களை வகுக்கும் ஏ.எஸ்.டி.எம். அமைப்புக்கு டி5276 என்ற தரம் இருக்கிறது. பார்சல் அனுப்புபவர்கள் அதிகம் பேசுவது இஸ்டா என்ற அமைப்பின் நடைமுறைகளைப் பற்றி. வீட்டுச் சாதனங்கள் வழியில் அடிபட்டு வருவதைக் குறைக்க 1948-இல் அமெரிக்காவில் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த அமைப்பு இது. தொடக்கநிலைக்கு அதன் 1ஏ நடைமுறை போதும். 68 கிலோ வரையுள்ள ஒற்றைப் பார்சல்களுக்கானது.

அதில் எடை கூடக் கூட விழும் உயரம் குறையும். 10 கிலோவுக்குக் கீழே இருந்தால் 76 செ.மீ., 10 முதல் 19 கிலோ வரை 61 செ.மீ., 28 கிலோ வரை 46 செ.மீ., 45 கிலோ வரை 31 செ.மீ., அதற்கு மேல் 20 செ.மீ. முதல் பார்வைக்குத் தலைகீழாகத் தெரியலாம். ஆனால் லேசான பெட்டியை ஒரே கையில் தூக்குவோம், எறிவோம், அடுக்கின் உச்சியில் வைப்போம். 50 கிலோ பெட்டியை இரண்டு பேர் இடுப்புக்குக் கீழே பிடித்து நகர்த்துவார்கள். ஆக அதிக உயரத்திலிருந்து விழ வாய்ப்புள்ளது சின்னப் பார்சல்தான். சின்னப் பொருள்தானே என்று ஒரு சுற்று பபிள் ராப்போடு முடித்துவிடுவது எவ்வளவு தவறு என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

மொத்தம் 10 முறை விழவிட வேண்டும். முதலில் ஒரு மூலை. அப்புறம் அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், குட்டையானதில் தொடங்கி நீளமானதில் முடிக்க வேண்டும். கடைசியாக ஆறு பக்கங்கள், சிறிய பக்கங்கள் முதலில், பெரியவை கடைசியில். எந்த மூலை என்பதும் மனம்போன தேர்வு இல்லை. பெட்டியின் அடிப்பக்க மூலைகளில் பொருளுக்கு மிக ஆபத்தானது எது என்று தெரிந்தால் அது. தெரியாவிட்டால், அட்டையை ஒட்டிப் பெட்டியாக்கிய செங்குத்து மூட்டு எந்த மூலையில் தரைக்கு வருகிறதோ, அந்த அடி மூலை. மூட்டு பிரிந்துவிடுமா என்பதும் இதில் சேர்ந்து சோதிக்கப்படுகிறது.

மூலையில் விழுவதுதான் மிக மோசம் என்று பலரும் நினைக்கிறார்கள். பெட்டிக்கு அது மோசம்தான். மூலை நசுங்கி உள்ளே போய்விடும். ஆனால் அப்படி நசுங்குவதே நிற்கும் தூரத்தைக் கூட்டுகிறது, அடியில் ஒரு பங்கை அட்டையே வாங்கிக்கொள்கிறது. பெட்டி தட்டையாக, முழுப் பக்கமும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழும்போது அட்டை நசுங்க இடமில்லை. அகலமான மெத்தை விறைப்பாக நிற்கும். பொருளுக்குள் போகும் ஜி பெரும்பாலும் இந்தத் தட்டை விழுதலில்தான் உச்சம். வெளியே தடயமே இருக்காது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன, கீறல் இல்லாத பெட்டியில் உடைந்த கோப்பைக்கு இது ஒரு முக்கியமான காரணம். அதனால்தான் பக்கச் சோதனையில் பெட்டி சாயாமல் தட்டையாக விழ வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 2 டிகிரி வரைதான் சாய்வை அனுமதிக்கிறது. ஒரு விளிம்பு முன்னதாகத் தொட்டுவிட்டால் அடி பாதியில் பிரிந்து, சோதனை தன் கடுமையை இழந்துவிடும்.

ஆபத்தான வேதிப்பொருள்கள் அடைத்த கொள்கலன்களுக்கு ஐ.நா. விதிகள் தனி. ஆபத்தின் அளவைப் பொறுத்து 1.8 மீட்டர், 1.2 மீட்டர், 0.8 மீட்டர் உயரங்கள். பிளாஸ்டிக் கொள்கலன் என்றால் மைனஸ் 18 டிகிரிக்குக் குளிரவைத்து விழவிட வேண்டும், ஏனென்றால் குளிரில் பிளாஸ்டிக் இறுகி எளிதில் வெடிக்கும். அதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

நாமே செய்து பார்ப்பது

ஆய்வகத்தில் பெட்டியைத் தாங்கிப் பிடித்திருக்கும் பலகை சட்டென்று கீழே விலகும், பெட்டி திரும்பாமல் விழும். தரையும் சும்மா தரை இல்லை. விழும் பார்சலைப் போல 50 மடங்காவது எடையுள்ள, அசையாத தளம் வேண்டும் என்கிறது விதி. நம்மிடம் அந்த எந்திரம் இல்லாவிட்டாலும், கான்கிரீட் தரையும் அளவு நாடாவும் இருந்தால் பயனுள்ள ஒரு சோதனையைச் செய்துவிடலாம். பாய், கார்பெட், மரப்பலகைத் தளம் வேண்டாம். அவையும் ஒரு மெத்தைதான்.

விற்கப்போகும் பொருளையே உள்ளே வையுங்கள். பூச்சு சரியில்லை என்று ஒதுக்கிய பொருள் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதில் ஏற்கெனவே விரிசல் இருக்கக் கூடாது. பதிலுக்கு அதே எடையுள்ள கல்லை வைத்துச் சோதித்தால் பெட்டியைப் பற்றித் தெரியும், பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது. தினமும் பேக் செய்பவரையே, தினமும் ஒட்டுகிற டேப்பால், தினமும் செய்கிற வேகத்தில் பேக் செய்யச் சொல்லுங்கள். சோதனைக்காக ஆசையாக, பார்த்துப் பார்த்துச் செய்த பேக்கிங் நம்மை ஏமாற்றும்.

ஆறு பக்கங்களுக்கும் மார்க்கரால் எண் போட்டு, எடை பார்த்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது நடந்தால் தோல்வி என்பதை விழவிடுவதற்கு முன்பே எழுதிவையுங்கள்: பொருள் உடைந்தால் மட்டுமா, சிறு கீறலும் சேருமா, உள்பெட்டி நசுங்கிப் பரிசாகக் கொடுக்க முடியாதபடி ஆனாலும் தோல்வியா? பிறகு எழுதினால், கண் முன்னால் கிடக்கும் முடிவுக்குத் தகுந்தபடி மனம் அளவுகோலை வளைக்கும்.

உயரத்தை அளக்கும்போது தரையிலிருந்து பெட்டியின் மிகத் தாழ்ந்த புள்ளி வரை அளக்க வேண்டும், நடுப்பகுதி வரை அல்ல. இரண்டு கைகளாலும் பக்கவாட்டில் பிடித்து, தள்ளாமல், சுழற்றாமல் விட வேண்டும். கைகள் ஒரே நேரத்தில் விலகாவிட்டால் பெட்டி திரும்பிவிடும். கொஞ்சம் பழகினால் வந்துவிடும். கால்களைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், மூடிய செருப்போ ஷூவோ போடுங்கள், கண்ணாடிப் பொருள் என்றால் திறக்கும்போது கையுறையும் தேவை. 15 கிலோவுக்கு மேற்பட்டதைத் தனியாளாகச் செய்ய வேண்டாம். யாராவது பக்கத்தில் இருந்து போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்தால் பெட்டி உண்மையில் எந்தப் பக்கமாக விழுந்தது என்று தெரியும். பல நேரங்களில் நாம் நினைத்த மூலையில் அது விழுந்திருக்காது.

ஒவ்வொரு முறையும் திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கும். திறக்காதீர்கள். திறந்து மூடினால் மெத்தை மறுபடி ஒழுங்காகிவிடும், டேப் புதிதாகிவிடும். அது இனி அதே பார்சல் இல்லை. பத்தும் முடிந்தபின் மெதுவாகத் திறக்க வேண்டும். இடையில் பெட்டியைக் காதருகே வைத்து அசைத்து, உள்ளே ஏதாவது புதிதாகச் சத்தம் வருகிறதா என்று குறித்துக்கொள்வதில் தப்பில்லை. எத்தனையாவது விழுதலில் உடைந்தது என்பதற்கு அது நல்ல துப்பு.

விழவிடுவதற்கு முன் ஒரு குலுக்கல் வேண்டும். இஸ்டா 1ஏ-யிலும் அதிர்வுச் சோதனை முதலில் வருகிறது. 25 மி.மீ. மேலும் கீழும் ஆடும் மேடையில் பெட்டி லேசாகத் துள்ளும்படி வைத்து, 14,200 முறை அதிர வேண்டும். காரணம் சரியானதுதான்: மணிக்கணக்கில் வண்டியில் ஆடி வரும்போது நிரப்பிய காகிதம் இறங்கும், பொருள் அடியை நோக்கி நகரும், மேலே வெற்றிடம் உண்டாகும். அந்த நிலையில்தான் பார்சல் விழுகிறது, இப்போதுதான் பேக் செய்த அழகான நிலையில் அல்ல. மேடை இல்லாதவர்கள் சோதனைப் பெட்டியை ஒரு நாள் வண்டியின் பின்னால் போட்டுச் சுற்றி வந்தபின் விழவிடலாம். விதிமுறைக்கு அது ஈடாகாது; ஆனால் ஒன்றுமே செய்யாததைவிட எவ்வளவோ மேல்.

ஈரத்தையும் மறக்க வேண்டாம். அட்டை ஈரத்தை உறிஞ்சும். காற்றில் ஈரப்பதம் மிக அதிகமாக இருக்கும் இடத்தில் சில நாள் கிடந்த அட்டைப்பெட்டி, எடை தாங்கும் வலிமையில் பாதியைக்கூட இழக்கலாம். ஆய்வகங்கள் சாதாரணமாக 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் பெட்டியை வைத்திருந்து சோதிக்கின்றன. சூடும் ஈரமும் மிகுந்த பாதைகளுக்கு 38 டிகிரி, 85 சதவீதம் என்ற நிலையும் உண்டு. வறண்ட அறையில் தேறிய பெட்டியை ஈரமான கிடங்கின் வழியாக அனுப்புவதாக இருந்தால், அதே நிலையில் ஒன்றைச் சோதித்துத்தான் நம்ப வேண்டும்.

திறந்து பார்த்தபின்

உடைந்ததா இல்லையா என்று பார்த்துவிட்டு நிறுத்தினால் சோதனையின் பாதிப் பலன் போய்விடும். எங்கே உடைந்தது என்பதைப் பாருங்கள். கோப்பையின் கைப்பிடி போயிருந்தால், அந்தக் கைப்பிடிக்கு நேராக மெத்தை எவ்வளவு இருந்தது? பெரும்பாலும் அங்கேதான் மெலிந்திருக்கும், ஏனென்றால் உருண்டையான உடம்பைச் சுற்றி உருட்டிய பபிள் ராப், நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் இறுகி மெலியும். இரண்டு கோப்பைகள் ஒன்றோடொன்று மோதி உடைந்திருந்தால் வெளிமெத்தையைக் கூட்டிப் பிரயோஜனமில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு அட்டை வேண்டும். ஃபோமில் ஆழமான பள்ளம் பதிந்திருந்தால் அது பாட்டம் ஆகியிருக்கிறது. பதிவே இல்லாமல் பொருள் உடைந்திருந்தால் ஃபோம் விறைப்பாக நின்றிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து நேர் எதிரானது, அதனால் இந்தத் தடயம் முக்கியம். டேப் விட்டு மூடி திறந்திருந்தால், நடு இணைப்போடு இரண்டு ஓரங்களிலும் சேர்த்து ஒட்டிப் பாருங்கள். மெத்தையில் கை வைக்க வேண்டியதில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பெட்டி, ஃபோம், டேப் மூன்றையும் ஒரே தடவையில் மாற்றித் தேறிவிட்டால், எது காப்பாற்றியது என்று தெரியாமல் மூன்றுக்கும் காலமெல்லாம் செலவு செய்துகொண்டிருப்போம். ஒரே ஒரு பெட்டி தேறியதை வைத்தும் முடிவுக்கு வரக்கூடாது. பீங்கானும் கண்ணாடியும் ஒன்றைப்போல ஒன்று இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒரே மாதிரி பேக் செய்த சில பெட்டிகளாவது தேற வேண்டும்.

விலை உயர்ந்த பொருள், பெரிய எண்ணிக்கை என்றால் ஆய்வகத்துக்குப் போவதே சரி. அங்கே பொருளின் மேல் முடுக்கமானி ஒட்டி, ஒவ்வொரு விழுதலிலும் உள்ளே எத்தனை ஜி போனது, எத்தனை மில்லி வினாடி நீடித்தது என்று கோடாகவே காட்டுவார்கள். உடையாத பெட்டிக்கும் அதில் சேதி இருக்கிறது. 50 ஜி தாங்கும் பொருளுக்கு 48 ஜி போயிருந்தால் தேறியது அதிர்ஷ்டம். 20 ஜி மட்டுமே போயிருந்தால் மெத்தை தேவைக்கு மேல் இருக்கிறது.

தேவைக்கு மேல் இருப்பதும் ஒரு குறைதான். பெட்டி பெரிதாகும், வண்டியில் இடம் அடைக்கும், அனுப்பும் செலவு ஏறும், கடைசியில் அத்தனையும் குப்பைக்குப் போகும். அதனால் எல்லாப் பெட்டிகளும் சிரமமில்லாமல் தேறிவிட்டால் அத்தோடு விட்டுவிடாமல், மெத்தையைக் கொஞ்சம் குறைத்து மறுபடி விழவிடுங்கள். எங்காவது ஒரு கட்டத்தில் உடையும். அதற்கு முந்தைய கட்டத்தையும் எடுக்காமல், இன்னும் ஒரு படி மேலே போய் நில்லுங்கள். வழியில் நடப்பது நாம் விழவிட்டதைவிடக் கொஞ்சம் கடுமையாகவும் இருக்கலாம். அந்த அமைப்பைப் படத்தோடு, அட்டையின் வகை, ஃபோமின் தடிமன், டேப்பின் அகலம் எல்லாம் எழுதி வைத்துவிட்டால், அட்டை கொடுப்பவர் மாறும்போதும் கோப்பையின் கைப்பிடி வடிவம் மாறும்போதும் எதிலிருந்து மறுபடி சோதிக்கத் தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது.